எழுதி வைத்ததுதான் சட்டம்

பைத்தான் என்ற நிரல்மொழியிடம் 2.675 என்ற எண்ணைக் கொடுத்து, புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போதும், மிச்சத்தை முழுமையாக்கித் தா என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை 2.68 என்று சொல்லும். பைத்தான் 2.67 என்று சொல்லும்.

கணினிக்குக் கணக்கு தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம். பின்ன எண்களை அது இரும எண்முறையில் சேமிக்கிறது. 2.675 அந்த முறையில் மீதமில்லாமல் அடங்காது. உள்ளே உட்கார்ந்திருப்பது 2.67499999… என்று நீளும் ஓர் எண். பாதிக்கு ஒரு மயிரிழை குறைவு என்பதால் கீழ்நோக்கி முழுமையாகிறது. பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில், இந்த வேலையைச் செய்யும் ஃபங்ஷன் என்ற நிரல்துண்டின் பக்கத்திலேயே, இதே எண்ணை உதாரணமாகக் காட்டி, இது பிழையல்ல என்று விளக்கியிருக்கிறார்கள்.

என் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் குறிப்புகளில் அது ஒன்று. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் ஊரெல்லாம் அதைப் பிழை என்றுதான் சொல்லும். இருப்பதால், பைத்தானின் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறது. நிரல் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். பக்கத்தில் எழுதியிருப்பதுதான் வேறு.

நான் பகலில் சென்னையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாலையில், நண்பர்கள் சிலர் சேர்ந்து இலவசமாகத் தரும் ஒரு சிறிய லைப்ரரியின் ஆவணங்களைக் கவனித்துக்கொள்கிறேன். தமிழ் எழுத்துகளைப் பிரிப்பது, எண்ணுவது, அகரவரிசைப்படுத்துவது ஆகியவை அந்த லைப்ரரியின் வேலை. நான் அதில் அதிகம் நிரல் எழுதுவதில்லை. "அக்கா டாக்ஸ் பார்த்துப்பாங்க" என்று தம்பிகள் என் பெயரில் தள்ளிவிடும் வேலையைத்தான் பார்க்கிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்குக் கொடுக்கும் எடுபிடி வேலை என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு லைப்ரரியில் எது சரி, எது தவறு என்ற தீர்ப்பு இங்கேதான் எழுதப்படுகிறது.

பொடியும் பாக்கெட்டும்

லைப்ரரி என்பது யாரோ ஒருவர் எழுதி, எல்லாரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்களின் தொகுப்பு. தானே வறுத்து அரைக்காமல் கடையில் சாம்பார் பொடி வாங்குவது போலத்தான். உள்ளே என்ன, எவ்வளவு போட வேண்டும் என்று பாக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருப்பார்கள். பொடி செய்கிறவர் ஒரு நாள் அதில் உப்பையும் சேர்த்துவிட்டு, பாக்கெட்டில் அதைச் சொல்லாமல் விட்டால், சாம்பார் கரிக்கும்போது திட்டு வாங்குவது வீட்டில் சமைத்தவர்தான்.

லைப்ரரியைப் பயன்படுத்துகிற நிரலாளர்களில் பெரும்பாலோர் அதன் உட்புறத்தைத் திறந்து பார்ப்பதே இல்லை. அவர்களைப் பொறுத்தவரை ஆவணம்தான் லைப்ரரி. ஆனால் ஆவணங்கள் எந்த நிலையில் இருக்கின்றன தெரியுமா? கிட்ஹப் நிறுவனம் 2017-ல், மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவைக்கும் திறந்தமூல நிரலாளர்களிடம் நடத்திய ஆய்வில், ஆவணங்கள் முழுமையில்லாமலும் பழசாகவும் இருப்பதைச் சந்தித்ததாக 93 சதவீதம் பேர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர், ஆவணத்துக்குத் தாங்கள் அபூர்வமாகவே பங்களிப்பதாக, அல்லது பங்களிப்பதே இல்லை என்று சொன்னார்கள். குறை எல்லாருக்கும் தெரிகிறது. கை வைக்கத்தான் ஆளில்லை.

லக்ஷ்மிக்கு எத்தனை கட்டம்?

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்பீர்கள். பைத்தானிடம் நீளம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு எழுத்துக்குறியீட்டு முறை தனித்தனியாகச் சேமிப்பதைத்தான் அது எண்ணுகிறது. 'கொ' இன்னும் வேடிக்கை. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். நீளம் மட்டும் ஒருமுறை இரண்டு, இன்னொருமுறை மூன்று. எங்கள் லைப்ரரி இவற்றையெல்லாம் கூட்டிச் சேர்த்து, நாம் எண்ணுவது போல எண்ணித் தரும்.

நாம் எண்ணுவது போல என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். வெளியிடுவதற்கு முன், குறுக்கெழுத்துப் புதிர் தயாரிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் சோதித்துப் பார்க்கக் கொடுத்தோம். மறுநாளே போன் வந்தது.

"ஏம்மா, லக்ஷ்மிக்கு நான் நாலு கட்டம் போட்டு வச்சிருக்கேன். உங்க புரோகிராம் மூணுங்குது. தப்பா இருக்கே?"

"ஐயா, க்ஷ்-ஐ ஒரே எழுத்தா எண்ணுது."

"யாரைக் கேட்டு எண்ணுது?"

நியாயமான கேள்வி. க், ஷ் என்று இரண்டாகப் பிரிப்பவர்கள் உண்டு. கிரந்த எழுத்துகளின் வரிசையில் அதை ஒரே எழுத்தாகப் படித்தவர்களும் உண்டு. 'ஃபங்ஷன்' என்பதில் ஆய்தம் தனி எழுத்தா, பகரத்தோடு சேர்ந்து ஒரே ஒலியா? தனியென்றால் ஐந்து, சேர்த்தால் நான்கு. இவற்றில் எந்த விடையையும் நிரலைப் பார்த்துச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல முடியாது. நிரல் ஏதோ ஒன்றைச் செய்கிறது, அவ்வளவுதான். 'க்ஷ் ஒரே எழுத்தாக எண்ணப்படும். பிரித்து எண்ண வேண்டுமானால் இந்தத் தேர்வைப் பயன்படுத்துங்கள். ஆய்தம் எப்போதும் தனி எழுத்து' என்று பக்கத்தில் எழுதிய பிறகுதான், அந்த ஃபங்ஷனில் பிழை என்று ஒன்று இருக்கவே முடியும். அளவுகோல் இல்லாத இடத்தில் கோணல் ஏது?

அந்த மூன்று வாக்கியங்களை எழுத எங்களுக்குள் நடந்த வாக்குவாதம், அந்த ஃபங்ஷனை எழுதிய நேரத்தைவிட நீண்டது. ஆசிரியர் ஐயா இப்போது பிரித்து எண்ணும் தேர்வைப் போட்டுக்கொள்கிறார்.

நிரல் மாறவில்லை, வாக்கு மாறியது

பெரிய இடத்திலும் இதே கதைதான். பைத்தானில் 'டிக்ட்' என்று ஓர் அமைப்பு உண்டு. பெயருக்கு எதிரே போன் எண் எழுதுவது போல, ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் போட்ட வரிசையிலேயே திரும்ப வரும் என்ற உத்தரவாதம் அதற்குக் கிடையாது. 2016 டிசம்பரில் 3.6 பதிப்பு வந்தது. நினைவகத்தைச் சிக்கனப்படுத்த டிக்டின் உள்ளமைப்பை மாற்றினார்கள். அதன் பக்கவிளைவாக, போட்ட வரிசை அப்படியே நின்றது. ஆனால் பதிப்புக் குறிப்பில், இது உள்ளமைப்பில் நேர்ந்த விஷயம், இதை நம்பி நிரல் எழுதாதீர்கள் என்று எச்சரித்திருந்தார்கள்.

2018 ஜூனில் 3.7 வந்தது. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராசம் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இனி வரிசை காக்கப்படுவது மொழியின் விதி. நடத்தை 3.6-லேயே இருந்தது. 3.7-ல் புதிதாக வந்தது வாக்குறுதி. முந்தைய நாள் வரை வரிசையை நம்பியவர் அசட்டையான நிரலாளர். மறுநாள் முதல் அதே நிரல் முறையான நிரல். இனி எந்தப் பைத்தானாவது வரிசையைக் குலைத்தால், அதுதான் பிழை.

பயனர்கள் ஆவணத்தை அப்படியே மதித்து நடக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட்டின் பெயரால் நிரலாளர்கள் ஒரு விதி சொல்வார்கள்: போதுமான அளவு பயனர்கள் சேர்ந்துவிட்டால், நீங்கள் என்ன வாக்களித்திருந்தாலும் சரி, கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். உண்மைதான். ஆனால் ஒன்றை மாற்றியபின் தகராறு வரும்போது, எடுத்து வைத்துப் பேச ஆவணத்தைத் தவிர வேறு பத்திரம் கிடையாது.

பக்கம் எங்கே பிறக்கிறது?

பழைய ஆள் ஒருவரைச் சொல்ல வேண்டும் என்றால் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கையேட்டைச் சொல்வேன். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே அச்சில் வார்த்த பக்கம். அதில் தெரிந்த குறைகளுக்கென்றே ஒரு தலைப்பு. குறையை மறைக்காமல் பக்கத்திலேயே போட்டுவைத்த அந்தப் பண்பு இன்றைய பல நிறுவனங்களிடம் இல்லை.

ஆனால் கையேடு ஓரிடம், நிரல் வேறிடம் என்றிருந்தால் இரண்டும் மெல்ல விலகிப் போகும். நிரலை மாற்றுகிறவர் இன்னொரு கோப்பைத் தேடிப் போய்த் திருத்த மாட்டார், மனித சுபாவம். டொனால்ட் நூத் 1984-ல் ஒரு கட்டுரையில் வேறு வழி சொன்னார். நிரலையும் விளக்கத்தையும் ஒரே கோப்பில், மனிதர் படிக்கும் வரிசையில் எழுது. அதிலிருந்து ஒரு கருவி நிரலைப் பிரித்தெடுக்கட்டும், இன்னொன்று அச்சுப் பக்கத்தைப் பிரித்தெடுக்கட்டும். தன்னுடைய 'டெக்' அச்சுக்கோப்பு மென்பொருளையே அவர் அப்படித்தான் எழுதினார். அவ்வளவு தூரம் போகப் பலருக்குப் பொறுமை இல்லை. பாதித் தூரம் எல்லாரும் போனார்கள். 1990-களின் நடுவில் ஜாவாவோடு 'ஜாவாடாக்' வந்தது. 1997-ல் சி++ காரர்களுக்கு 'டாக்ஸிஜன்' வந்தது. நிரலுக்குள்ளேயே, ஃபங்ஷனுக்குப் பக்கத்திலேயே குறிப்பை எழுதிவிட்டால், கருவி அதைப் பொறுக்கி எடுத்து இணையப் பக்கங்களாக்கித் தரும்.

பைத்தானில் இந்தக் குறிப்புக்கு 'டாக்ஸ்ட்ரிங்' என்று பெயர். ஃபங்ஷனின் தலைவரிக்கு அடுத்து, மும்மூன்று மேற்கோள் குறிகளுக்கு நடுவே எழுதுவார்கள். முதல் வரி, இது என்ன செய்யும் என்ற ஒற்றை வாக்கியம். பிறகு எதைக் கொடுக்க வேண்டும், எது திரும்பி வரும், எப்போது மறுக்கும், ஓர் உதாரணம். அதைப் பக்கமாக்கும் 'ஸ்பிங்ஸ்' என்ற கருவியை ஜியோர்க் பிராண்டல் 2008-ல் வெளியிட்டார். முன்பு லேட்டெக் வடிவில் கிடந்த பைத்தானின் சொந்த ஆவணங்களை நவீனமாக்கப் பிறந்த கருவி அது. இன்று எங்களைப் போன்ற பொடிசுகள் வரை பயன்படுத்துகிறோம். ஒரே மூலத்திலிருந்து இணையப் பக்கம், பி.டி.எஃப்., மின்னூல் எல்லாம் வரும். 2010-ல் தொடங்கிய 'ரீட் த டாக்ஸ்' சேவை, நிரலில் ஒவ்வொரு மாற்றம் சேரும்போதும் பக்கங்களைத் தானே புதிதாகக் கட்டி வெளியிட்டுவிடுகிறது. திறந்தமூலத் திட்டங்களுக்கு இந்தச் சேவை இலவசம்.

எங்கள் விதி ஒன்றுதான்: ஃபங்ஷனின் நடத்தையை மாற்றும் திருத்தம், டாக்ஸ்ட்ரிங்கையும் மாற்றியிருந்தால்தான் உள்ளே வரும். இல்லையென்றால் வாசலிலேயே நிற்கும்.

எதிர்பார்த்தது, கிடைத்தது

பக்கத்திலேயே எழுதினாலும் சோம்பல் போகாது. குறிப்பு பொய்யாகிவிட்டதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இயந்திரமாக இருப்பதுதான் நல்லது. எங்கள் டாக்ஸ்ட்ரிங்கில் இப்படி ஓர் உதாரணம் இருக்கிறது:

>>> எழுத்தெண்ணு("தமிழ்")
3

ஆம், பைத்தான் 3-ல் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். முதல் வரி பயனர் தட்டச்சு செய்வது, இரண்டாம் வரி திரும்பி வர வேண்டியது. டிம் பீட்டர்ஸ் எழுதி, 2001-ல் பைத்தான் 2.1-ஓடு வந்த 'டாக்டெஸ்ட்' என்ற கருவி, ஆவணத்தில் இந்த மூன்று குறிகளைத் தேடிப் பிடிக்கும். அடுத்திருப்பதை உண்மையாகவே ஓட்டும். வந்த விடையைப் பக்கத்தில் எழுதிய விடையோடு ஒப்பிடும். ரஸ்ட் மொழியில் இன்னும் கறார்: லைப்ரரிக் குறிப்புகளில் உள்ள உதாரணங்கள் மற்ற சோதனைகளோடு சேர்ந்து தாமாகவே ஓடும்.

இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டாக்டெஸ்ட் இரண்டு தலைப்பு போட்டுக் காட்டும்: எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது. அதோடு நிறுத்திக்கொள்ளும். யார் மேல் தப்பு என்று சொல்லாது. ஒருமுறை எங்கள் கல்லூரித் தம்பி, சிவப்பு விளக்கு எரிந்ததும் பக்கத்திலிருந்த விடையை மாற்றப் போனான்.

"அக்கா, கோடு சரியாத்தான் இருக்கு. டாக்ஸ்தான் தப்பு. மாத்திடவா?"

"கோடு சரின்னு எதை வச்சுச் சொல்றே?"

"அதுதானே ஓடுது?"

ஓடுவதெல்லாம் சரியென்றால் எங்களுக்கு வேலையே இல்லை. அன்று பார்த்தபோது பக்கம்தான் சரி. அகரவரிசையில் மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன்னால் வர வேண்டும் என்று பக்கம் சொன்னதை, புதிய திருத்தம் குலைத்திருந்தது. மாற்ற வேண்டியது நிரலைத்தான்.

பழைய வாக்கை என்ன செய்வது?

வாக்கை ஒருபோதும் மாற்றக் கூடாது என்றில்லை. மாற்றினால் சொல்லிவிட்டு மாற்ற வேண்டும். பைத்தான் 2-ல் 2.5-ஐ முழுமையாக்கினால் 3 வரும். பைத்தான் 3-ல் 2 வரும். சரிபாதியில் நிற்கும் எண் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும் என்று விதியை மாற்றினார்கள். மாறியதை 3.0-இன் குறிப்பேட்டில் பதிந்தார்கள்.

ஸ்பிங்ஸில் இதற்கென்றே முத்திரைகள் உண்டு: இந்தப் பதிப்பில் சேர்ந்தது, இந்தப் பதிப்பில் மாறியது, இது கைவிடப்படப் போகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்குரிய ஆவணத்தைத் தனியே விட்டுவைப்பதும் முக்கியம். பழைய பதிப்பை வைத்திருப்பவருக்குப் புதிய பக்கத்தைக் காட்டினால் அது அவருக்குத் தவறான தகவல்.

பதிப்பு எண்ணே ஒரு வாக்குதான். 2.4.1 என்பதில் முதல் எண் ஏறினால், பழைய நிரல் உடையலாம் என்று பொருள். நடு எண் ஏறினால் வசதி கூடியிருக்கிறது. கடைசி எண் ஏறினால் பிழை திருத்தம். டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த இந்த முறையின் முதல் விதி, வெளியாருக்கான வாசல்கள் எவை என்று முதலில் அறிவி என்பதுதான். அறிவிக்காத ஒன்றை உடைத்தோமா, காத்தோமா என்று எப்படி எண்ணுவது?

இயந்திரமே எழுதட்டுமே?

இப்போது எல்லாரும் கேட்பது இதைத்தான். நிரலைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் நிமிடத்தில் டாக்ஸ்ட்ரிங் எழுதித் தருகிறதே, பிறகு எதற்கு மாலை நேரத்தை வீணாக்குகிறீர்கள்?

நானும் பயன்படுத்துகிறேன். ஒப்பேற்றலான ஆங்கிலத்தைச் சீராக்க, விட்டுப்போன ஃபங்ஷனைச் சுட்டிக்காட்ட, எழுத்துப்பிழை பார்க்க நல்ல துணை. ஆனால் நிரலை மட்டும் படித்து எழுதிய ஆவணத்தில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. அதற்கு நிரலைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. நிரலில் ஒரு பிழை இருந்தால், அந்தப் பிழையையே விதியாக, அழகான வாக்கியத்தில் எழுதித் தரும். அகரவரிசை குலைந்த அன்று அதைக் கேட்டிருந்தால், உயிர்மெய்க்குப் பின் மெய் வரும் என்று தெளிவாக விளக்கியிருக்கும். நிரலும் பக்கமும் ஒத்துப்போயிருக்கும். இரண்டும் சேர்ந்து தப்பாக இருந்திருக்கும். என்ன செய்ய நினைத்தோம் என்பது நிரலுக்குள் இல்லை. நினைத்தவர்களிடம்தான் இருக்கிறது.

டானியேலே புரோச்சிதா என்பவர் ஆவணங்களை நான்காகப் பிரிக்கிறார்: கைபிடித்துக் கற்றுத்தரும் பாடம், குறிப்பிட்ட வேலையை முடிக்கும் வழிகாட்டி, தேடிப் பார்க்கும் குறிப்பேடு, ஏன் என்று சொல்லும் விளக்கம். ஸ்பிங்ஸ் போன்ற கருவி நிரலிலிருந்து திரட்டித் தருவது மூன்றாவதை மட்டும். குறுக்கெழுத்துக்காரருக்கு முதலில் எதைச் சொல்வது, க்ஷ்-ஐ ஏன் ஒரே எழுத்தாக வைத்தோம் என்பதெல்லாம் உட்கார்ந்து எழுத வேண்டியவை. எங்களிடம் அந்தப் பகுதிகள் தமிழில்தான் முதலில் எழுதப்படுகின்றன, ஏனென்றால் பயனர்கள் தமிழாசிரியர்கள். பிறகு ஆங்கிலம். ஸ்பிங்ஸின் மொழிபெயர்ப்பு ஏற்பாடு பத்தி பத்தியாகப் பிரித்துத் தரும். மூலத்தில் ஒரு பத்தி மாறினால், அதன் பழைய மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கச் சொல்லிக் குறியிட்டுவிடும்.

இதைப் படிக்கும் நீங்கள் நிரலாளராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு மென்பொருள் தன் வழிகாட்டிப் பக்கத்தில் சொன்னதற்கு மாறாக நடந்தால், நமக்குத்தான் புரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், பக்கம் என்ன சொன்னது, என்ன கிடைத்தது என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள். திறந்தமூல லைப்ரரிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட திருத்தத்தை யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் நிரலாளராக இருந்தால் கூடுதலாக ஒன்று: அடுத்த ஃபங்ஷனை எழுதத் தொடங்கும் முன், அது என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், ஃபங்ஷனை எழுதும் நேரம் இன்னும் வரவில்லை.